ட்ரையல்ஸ் பைக் சைலன்சரில் பஞ்சு மாற்றினால் இழுவை திரும்புமா?

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்தில் ஓட்டுவதற்காகப் பழைய இறக்குமதி ட்ரையல்ஸ் வண்டி (கால் ஊன்றாமல் பாறை, மேடுகளைக் கடக்கும் போட்டிக்கான பைக்) ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது. வண்டி 250 சிசி, டூ ஸ்ட்ரோக். வாங்கியபோது அடக்கமாக இருந்த சத்தம் இப்போது காதைக் கிழிக்கும் தகரச் சத்தமாகிவிட்டது; பின் சைலன்சர் சேரும் இடத்தில் கறுப்பு எண்ணெய் கசிகிறது; பாறையில் ஏறும்போது கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மஞ்சள் கண்ணாடிப் பஞ்சை வாங்கி உள்ளே திணிக்கலாமா, அதற்கு முன் உள்ளூர் மெக்கானிக் சொல்வதுபோல் சைலன்சரைத் தீயில் சுட்டு, காஸ்டிக் சோடா ஊற்றிக் கழுவலாமா என்று எழுதியிருந்தார். இந்த வேலையைச் செய்தால் வண்டி பழையபடி ஆகுமா என்பதுதான் அவர் அறிய விரும்புவது என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. சத்தம் அடங்குமா என்பதற்கு ஆம் என்று உறுதியாகச் சொல்லலாம். இழுவை திரும்புமா என்பதற்கு அந்த உறுதியைத் தர முடியாது; பல நேரங்களில் இழுவைக் குறைவின் காரணம் வேறிடத்தில் இருக்கும்.

நான் கோவையில் பட்டறை வைத்திருப்பவன். கைக்கு வருபவை பெரும்பாலும் டர்ட் டிராக் (மண்தடப் பந்தய) வண்டிகளும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுமே. ட்ரையல்ஸ் வண்டிகள் நம் பக்கத்தில் மிகச் சிலவே இருப்பதால் அவை எப்போதாவதுதான் வரும். ஆகவே பின் சைலன்சரைப் பற்றி நான் சொல்வதை நம்பி வேலையில் இறங்கலாம். முன்குழாய்க்கும் பின் சைலன்சருக்கும் நடுவே இருக்கும் நடுப்பெட்டியின் கட்டுமானம் தயாரிப்புக்குத் தயாரிப்பு, ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மாடல் எதுவென்று நீங்கள் குறிப்பிடாத நிலையில் அதைப் பற்றிப் பொதுவாகத்தான் பேச முடியும். ஃபோர் ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டிகளின் புகை இன்னும் சூடானது. பஞ்சுக் கணக்கும் அதற்கேற்ப மாறும். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

டூ ஸ்ட்ரோக் வண்டியின் எக்ஸாஸ்டில் இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. சிலிண்டரிலிருந்து புறப்பட்டு, வளைந்து, பருத்துச் செல்லும் முன்குழாய் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாத புதுக் கலவை வெளியே ஓடிவிடாமல் தடுக்கிறது. இழுவையைத் தீர்மானிக்கும் பகுதி அது. அதற்குப் பின்னால் வரும் நடுப்பெட்டியும் பின் சைலன்சரும் முக்கியமாகச் சத்தத்தை அடக்குவதற்காக இருப்பவை. பின் சைலன்சருக்குள் உடம்பெல்லாம் துளையிட்ட குழாய் ஒன்று நேராக ஓடுகிறது. பட்டறையில் அதைக் கோர் என்போம். கோருக்கும் வெளி உறைக்கும் இடையிலுள்ள வெளியில் பஞ்சு நிரம்பியிருக்கும். புகை கோர் வழியாக நேரே போய்விடும். ஒலி அலையோ துளைகள் வழியே பஞ்சுக்குள் புகுந்து, இழைகளுக்கிடையே உள்ள காற்றை முன்னும் பின்னும் உரசவைத்து, அந்த உராய்வில் வெப்பமாகித் தேய்ந்துபோகும். இந்த முறை கீச்சென்ற மேல் ஒலிகளைத்தான் நன்றாக விழுங்கும். கனமான அடி ஒலியைக் குறைப்பது நடுப்பெட்டியின் அறைகளின் வேலை. உங்கள் வண்டியில் தகர ஒலி மட்டும் கூடி, கூடவே இணைப்பில் எண்ணெயும் கசிகிறதென்றால், பின் சைலன்சரின் பஞ்சு செத்துவிட்டது என்று நேரில் பார்க்காமலே சொல்லலாம்.

பஞ்சு வேலை செய்ய வேண்டுமானால் இழைகளுக்கு நடுவே காற்று இருக்க வேண்டும். ட்ரையல்ஸ் ஓட்டும் முறையே இதற்கு எதிரி. கால் ஊன்றாமல் பாறையைக் கடப்பதுதான் போட்டி. ஒரு முறை ஊன்றினால் 1, இரு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, விழுந்தாலோ நின்றாலோ 5 என்று தண்டப் புள்ளி ஏறும். அதனால் வண்டி பெரும்பாலும் ஐடிலுக்குச் சற்று மேலே, நடக்கும் வேகத்தில், கிளட்சிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். புகை சூடேறுவதில்லை. பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில் எரியாமல் ஆவியாக வந்து, குளிர்ந்த பஞ்சில் படிந்து, கரியோடு குழைந்து, தார்போல் இறுகுகிறது. துளைகளும் அடைபடுகின்றன. அதே என்ஜினை டர்ட் டிராக்கில் முறுக்கி ஓட்டினால் இந்த எண்ணெயில் பெரும்பகுதி எரிந்தே போய்விடும். அங்கே பஞ்சு வேறு விதமாகச் சாகும், இழை பொடிந்து கோர் வழியாக வெளியே பறந்துவிடும். எண்ணெய் அளவையும் ஒருமுறை பாருங்கள். பழைய ஸ்கூட்டர் காலத்துப் பழக்கத்தில் லிட்டருக்கு 40 மி.லி. ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் உள்ள விகிதம் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 80:1 என்றால் 12.5 மி.லி. மட்டுமே. உங்கள் வண்டியின் கையேடு என்ன விகிதம் சொல்கிறதோ, எந்தத் தர எண்ணெய்க்குச் சொல்கிறதோ, அதைத் தாண்டி ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவது என்ஜினுக்கு நன்மை செய்வதைவிடப் பஞ்சுக்குச் செய்யும் கெடுதல் அதிகம்.

இனி இழுவை. கோர் நேர்க்குழாயாக இருப்பதால், பஞ்சு எண்ணெயில் ஊறினாலும் புகை போகும் வழி பெரிதாக அடைபடுவதில்லை. கோரின் உள்விட்டம் கரியால் சுருங்கியிருந்தாலோ, கோர் உடைந்து பஞ்சு உள்ளே சரிந்திருந்தாலோ இழுவை நிச்சயமாகக் குறையும். இவை இரண்டும் இல்லாமல் பஞ்சு மட்டும் ஊறியிருக்கும் வண்டியில், மாற்றியபின் கீழ் வேகத்தில் துடிப்பு கூடியதாகச் சிலர் சொல்வார்கள், வேறு சிலர் எதுவும் தெரியவில்லை என்பார்கள். சத்தம் மாறும்போது வண்டியின் வேகமே மாறியதுபோல் காது நம்மை நம்பவைக்கும் என்பதால் இந்தச் சாட்சியங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. வீடுகளும் கோழிப்பண்ணைகளும் இல்லாத இடமாகப் பார்த்து, பின் சைலன்சரை மட்டும் கழற்றிவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஓரிரு நிமிடம் மட்டும் அதே மேட்டில் ஏற்றிப் பாருங்கள். இழுவை பளிச்சென்று கூடினால் அடைப்பு பின் சைலன்சரில் இருக்கிறது. மாற்றமே தெரியாவிட்டால் பஞ்சின் மேல் பழி போடாமல் முன்னே போய்த் தேட வேண்டும்: எக்ஸாஸ்ட் போர்ட்டில் கரி, நுனி உடைந்த ரீட் வால்வ் (உள்ளே போன கலவை திரும்பாமல் தடுக்கும் வால்வ்) இதழ், பெரிதாகிவிட்ட பைலட் ஜெட் (கார்புரேட்டரில் கீழ் வேகத்துக்குப் பெட்ரோல் விடும் துளை), எண்ணெய் அதிகம் பூசிய ஏர் ஃபில்டர். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலும், ஊட்டி 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. மேலே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே சரியாக ஜெட் வைத்த வண்டியை மேலே கொண்டுபோய் ஓட்டினால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, இழுவையும் குறையும், சைலன்சரும் சீக்கிரம் நனையும்.

இன்னொரு காரணத்தைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் கவனிக்காமல் விட்டால் புதுப் பஞ்சும் வீணாகும். கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் (கியர் ஆயில் என்ஜினுக்குள் போகாமல் தடுக்கும் வளையம்) தேய்ந்துவிட்டால் என்ஜின் கியர் ஆயிலை உள்ளே இழுத்து எரிக்கத் தொடங்கும். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காது, சைலன்சரில் எண்ணெய் அளவுக்கு மீறிக் கசியும், கியர் பாக்ஸில் ஆயில் மட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். கியர் ஆயிலை வடித்து அளந்து பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. கையேடு சொல்லும் அளவைவிட வடிந்தது கணிசமாகக் குறைவாக இருந்து, வெளியே கசிவும் தெரியவில்லையென்றால், முதலில் சீல், பிறகுதான் பஞ்சு.

தீயில் சுடுவது, காஸ்டிக் சோடா ஊற்றுவது என்ற இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. உங்கள் மெக்கானிக் சொல்வது தவறான வித்தை அன்று. பழைய ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளின் கனத்த இரும்புச் சைலன்சருக்கு அது காலங்காலமாகச் செய்துவரும் வைத்தியம். ஆனால் ட்ரையல்ஸ் வண்டியில் எடையைக் குறைப்பதற்காகப் பின் சைலன்சரின் உறையையும் பெரும்பாலான மாடல்களில் நடுப்பெட்டியையும் அலுமினியத்தில் செய்திருப்பார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே வலுவிழந்து நெளியும். இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து, பொங்கிச் சூடாகி, ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அந்த வாயு தீப்பொறி பட்டால் பற்றும், பொங்கும் நீர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். காந்தம் ஒட்டாத எந்தப் பாகத்திலும் இந்த இரண்டையும் செய்யாதீர்கள். சில வண்டிகளில் பின் மூடி பிளாஸ்டிக்கில்கூட இருக்கும்.

எந்தப் பஞ்சு என்பதுதான் அடுத்தது. ஏசி டக்ட்டுக்கும் கூரைக்கும் போடும் மஞ்சள் கண்ணாடிப் பஞ்சு குட்டை இழை. அதை ஒட்டிப் பிடித்திருப்பது ஒரு பிசின். இருநூறு, இருநூற்றைம்பது டிகிரியைத் தாண்டும்போது அந்தப் பிசின் எரிந்துபோகும். பிடிப்பு போன குட்டை இழைகள் அதிர்விலும் புகை வேகத்திலும் பொடியாகித் துளை வழியே பறந்துவிடும். முதல் நாள் அருமையாக இருக்கும். சில நாள் ஓட்டத்தில் பழைய சத்தம் திரும்பிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறை பாய்லர்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சுற்றும் எல்ஆர்பி மெத்தை, அதாவது கம்பி வலை தைத்த ராக்வுல், வெப்பத்தை நன்றாகத் தாங்கும். இழையோ இதிலும் குட்டைதான், எண்ணெயும் அதிர்வும் சேர்ந்தால் மாவாகும். அதே கடைகளில் வெள்ளையாக, மென்மையாகக் கிடைக்கும் செராமிக் பிளாங்கெட் ஆயிரம் டிகிரிக்கும் மேலே தாங்கக்கூடியது என்பதால் பலருக்கு அதன்மேல் ஆசை வருகிறது. உங்கள் சைலன்சருக்கு அவ்வளவு தாங்குதிறன் தேவையே இல்லை. அதன் நுண்ணிழை நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. பொள்ளாச்சியில் இருந்துகொண்டு தென்னை நாரை வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்காதவர் கிடையாது. நார் எரியும், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வைக்க வேண்டியது இ-கிளாஸ் எனப்படும் நீண்ட இழைக் கண்ணாடி. சைலன்சருக்கென்றே பையில் வரும் பஞ்சு இதுதான்; மோட்டார் சைக்கிள் உதிரி பாகம் விற்கும் இணையக் கடைகளில் கிடைக்கும். அது கிடைக்காதபோது, பிசின் சேர்க்காமல் ஊசியால் குத்திப் பின்னிய இ-கிளாஸ் நீடில் மேட் வாங்குங்கள். இன்சுலேஷன் கடைகளில் கேட்டால் தருவார்கள். தொடர்ந்து 500 டிகிரி வரை தாங்கும். டூ ஸ்ட்ரோக் ட்ரையல்ஸ் வண்டியின் பின் சைலன்சருக்கு அது போதும். எஃப்ஆர்பி (ஃபைபர் கிளாஸ்) வேலை செய்யும் இடங்களில் உருண்டையாகச் சுற்றி விற்கும் ரோவிங் நூலும் இதே கண்ணாடிதான்; அதை கம்ப்ரஸர் காற்றால் ஊதிப் பிரித்துப் பஞ்சாக்கலாம். ஆனால் கையால் செய்யும்போது ஓரிடத்தில் கட்டியாகவும் ஓரிடத்தில் வெற்றாகவும் போவதால், முதல் முறை செய்பவருக்கு மேட்டையே பரிந்துரைப்பேன். இதோடு கோரை ஒட்டி ஒரு சுற்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பஞ்சு வேண்டும். கண்ணாடி இழை துளை வழியே உறிஞ்சப்படாமல் அது காக்கும். சாதாரண இரும்புப் பஞ்சு துருப்பிடித்து உதிரும் என்பதால் அதைத் தவிருங்கள்.

பிரிக்கும் வேலை கடினமானது அன்று, பொறுமை கேட்பது. சைலன்சரைக் கழற்றியவுடன் மளிகைக் கடைத் தராசிலாவது வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும். மூடியும் உறையும் சேரும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தால் திரும்ப மாட்டும்போது வெளிவாய் எந்தப் பக்கம் பார்த்தது என்ற குழப்பம் வராது. பிறகு ரிவெட்டின் தண்டு விட்டத்துக்குச் சமமான பிட்டை, பெரும்பாலும் 4 அல்லது 4.8 மி.மீ., தலையின் நடுவில் வைத்து மெதுவாகத் துளைத்தால் தலை கழன்று பிட்டோடு சுற்றத் தொடங்கும், அத்தோடு நிறுத்துங்கள். மேலும் அழுத்தினால் உறையின் துளை பெரிதாகும். மீதித் தண்டை ஆணியால் உள்ளே தட்டிவிடலாம், ஆனால் எத்தனை விழுந்தன என்று எண்ணி அத்தனையையும் பின்னால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் ஐடிலில் கிலுகிலுவென்று கேட்டுக்கொண்டே இருக்கும், சைலன்சரை மறுபடி பிரிக்கும்வரை நிற்காது. மூடி வராமல் அடம்பிடித்தால் காரணம் உள்ளே இறுகிய தார்தான். ஹாட் ஏர் கன்னால் கை பொறுக்கமுடியாத அளவுக்குச் சூடாக்கி, ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் இளகிவிடும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினிய விளிம்பு கிழியும்.

கோரைத் திருகி இழுத்தால் பழைய பஞ்சோடு சேர்ந்தே வரும். உங்கள் வண்டியில் அது வெள்ளையாக இருக்காது. கறுத்து, பிழிந்தால் எண்ணெய் சொட்டும் கட்டியாக இருக்கும். மூடிக்கு அருகே உள்ள பஞ்சு ஓரளவு உலர்ந்தும், முன்பக்கம் முற்றிலும் நனைந்தும் இருப்பது வழக்கம். முழுவதும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் மேலே சொன்ன ஆயில் சீலை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். கோரை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஒரு இரவு ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அடைபட்ட துளைகளை ஆணியால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இந்த முழு வேலையின் பயனும் இங்கேதான் தங்கியிருக்கிறது. துளை மூடியிருந்தால் ஒலி பஞ்சுக்குள் போகவே போகாது. கோர் இரும்பாக இருந்தால் மட்டும், பஞ்சையும் உறையையும் விட்டுத் தள்ளி வைத்து, டீசல் முற்றிலும் உலர்ந்தபின் புளோ டார்ச்சால் கரியைச் சுட்டு எடுக்கலாம். வெயிலில் பிடித்துப் பார்த்தால் எல்லாத் துளையிலும் ஒளி தெரிய வேண்டும். கோர் மூடியோடு சேரும் பற்றவைப்பில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் இப்போதே பற்றவைத்துவிடுவது நல்லது.

எவ்வளவு பஞ்சு என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பட்டறைக்கு வருபவர்கள், “ஏனுங்க, நெறையத் திணிச்சா சத்தம் இன்னும் கொறையுமில்லீங்க?” என்று கேட்பார்கள். குறையாது. அளவுக்கு மேல் அழுத்திய பஞ்சில் காற்று வெளி இல்லாமல் போவதால் ஒலி உள்ளே புகாமல் சுவரில் பட்டதுபோல் திரும்பிவிடும். அளவு குறைந்தாலோ பஞ்சு ஆடி ஆடி ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். நீண்ட இழைக் கண்ணாடிக்கு, கோருக்கும் உறைக்கும் இடையிலுள்ள வெளியில் லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் வரை என்பது வழக்கமான அளவு. கணக்கு எளிது: உறையின் உள்விட்டம் 7.5 செ.மீ., கோரின் வெளிவிட்டம் 3.2 செ.மீ., நீளம் 25 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 7.5-இன் வர்க்கத்திலிருந்து 3.2-இன் வர்க்கத்தைக் கழித்து, 0.785-ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் ஏறத்தாழ 900 கன செ.மீ. வரும். ஆகவே 90 முதல் 135 கிராம். நான் நடுவிலே 110 கிராம் வைப்பேன். உறை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால், ஒரு பக்கத்தை அடைத்து அரிசியை நிரப்பி, பிறகு அந்த அரிசியை அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்துக் கொள்ளளவைக் கண்டுபிடித்து, கோரின் இடத்தை அதிலிருந்து கழித்துவிடுங்கள்.

எடை போட்ட மேட்டை உறையின் நீளத்துக்கு ஒரு விரல் குறைவாக வெட்டிக்கொள்ளுங்கள். கோரின் மேல் ஸ்டீல் பஞ்சை மெல்லியதாக ஒரு சுற்றுச் சுற்றி, பருத்தி நூலால் இரண்டு மூன்று இடத்தில் கட்டி, அதற்கு மேல் மேட்டை ஒரே திசையில், இழுத்து இறுக்காமல், சுருக்கம் விழாமல் சுற்றுங்கள். நூல் முதல் ஓட்டத்திலேயே எரிந்துவிடும், பிரச்சினை இல்லை. சுற்றி முடித்தபின் உருளை உறையின் வாயைவிடச் சற்றே தடிமனாக இருப்பதுதான் சரி. அதன்மேல் மெல்லிய பாலித்தீன் தாளை வழுக்குவதற்காகச் சுற்றி, மேட்டைச் சுற்றிய அதே திசையில் திருகியபடியே உறைக்குள் தள்ளுங்கள். எதிர்த்திசையில் திருகினால் மேட் பிரிந்து மடிந்து மாட்டிக்கொள்ளும். உருளை உள்ளே முக்கால்வாசி போனதும் பாலித்தீனை மெதுவாக உருவி எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டால் உருகித் துளைகளை அடைக்கும்.

மூடும்போது விளிம்பில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இருக்கக் கூடாது. தின்னரால் துடைத்து, சிவப்பு ஆர்டிவி சிலிக்கானை (சூடு தாங்கும் கேஸ்கெட் பசை) மெல்லிய கோடாகப் போட்டு, மார்க்கர் கோட்டைச் சேர்த்துப் பிடித்து ரிவெட் அடியுங்கள். முதலில் எதிரெதிர்த் துளைகள், பிறகு மற்றவை. அலுமினிய ரிவெட் போதும், அடுத்த முறை துளைத்து எடுக்கவும் சுலபம். ஸ்டெயின்லெஸ் ரிவெட் உறுதியாக நிற்கும், எடுக்கும்போதோ பிட் வழுக்கி உறையைக் கீறும். பழைய துளை பெரிதாகிவிட்டிருந்தால் ஒரு அளவு பெரிய ரிவெட் போடலாம். சிலிக்கான் ஒரு நாள் முழுக்க உலர வேண்டும். அவசரப்பட்டு அன்று மாலையே ஸ்டார்ட் செய்தால் புகையின் அழுத்தம் ஈரமான சிலிக்கானைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், பழைய இடத்திலேயே கசிவும் தொடங்கும். உலர்ந்தபின் ஒருமுறை எடை போட்டு முன்பு குறித்த எடையோடு ஒப்பிட்டால், இத்தனை நாள் எவ்வளவு எண்ணெயைச் சுமந்து ஓட்டினோம் என்பது தெரியும். இந்தப் புது எடையை மூடியின் அடிப்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த முறை பிரிக்காமலே, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

நடுப்பெட்டியை இப்போது தொடாதீர்கள் என்பது என் கருத்து. பல மாடல்களில் அது முழுவதும் பற்றவைத்து மூடியது. சிலவற்றில் பஞ்சு உண்டு, சிலவற்றில் வெறும் அறைகள். உதிரி பாகப் படத்தைப் பார்த்தால்கூடச் சில நேரம் உள்ளே இருப்பது தெரியாது. பின் சைலன்சரை முடித்த பிறகும் கடுமையான சத்தம் தொடர்ந்தால்தான் அதை வெட்டும் பேச்சு வர வேண்டும். அப்போதும் முதலில் கழுவி, உள்ளிருக்கும் பெட்ரோல் ஆவி போகும்வரை திறந்து வைத்து, பற்றவைத்த கோட்டின் மேலேயே மெல்லிய கட்டிங் வீலால் வெட்ட வேண்டும். திரும்ப மூட ஆர்கான் வெல்டிங்தான் வழி. கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எங்கு திரும்பினாலும் அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் எவ்வளவு கைதேர்ந்தவர் வைத்தாலும் பற்று நுரைத்து ஓட்டை விழும். விளிம்பை வெள்ளையாகத் தேய்த்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

பஞ்சைத் தொடும் நேரம் முழுவதும் முழுக்கைச் சட்டை, கையுறை, என்95 முகக்கவசம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். நீண்ட இழைக் கண்ணாடி தடிமனானது, நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது. தோலை நமைச்சல் எடுக்கவைக்கும், அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்தவர் எந்தப் பஞ்சை வைத்தார் என்பது தெரியாததால், எடுக்கும் பழைய பஞ்சைச் செராமிக் என்றே எண்ணித் தண்ணீர் தெளித்து நனைத்தபின் எடுப்பது பாதுகாப்பு. அதை இரண்டு பாலித்தீன் பைக்குள் கட்டிக் குப்பையில் சேருங்கள். தோட்டத்துப் பள்ளத்தில் வீசினால் எண்ணெய் மழைநீரோடு கிணற்றுக்குப் போகும், மாடும் வாய் வைக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு ஒரு மணிக்கணக்கை நான் சொல்ல மாட்டேன். ஓட்டும் விதமும் எண்ணெய் விகிதமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. காதும் தராசும் போதுமான அளவுகோல். ஆயுளை நீட்டிக்க இரண்டு பழக்கங்கள் உதவும். பாறையில் ஊர்ந்து முடித்தபின் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சில நிமிடம் மேல் கியரில் நன்றாக முறுக்கி ஓட்டினால் தங்கிய எண்ணெயில் ஒரு பகுதி எரிந்து வெளியேறும். வண்டியைக் கழுவும்போதும், ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே நிறுத்தும்போதும் சைலன்சர் வாயில் ரப்பர் அடைப்பு ஒன்று வையுங்கள். தண்ணீர் குடித்த பஞ்சு உலர நாளாகும். அடைப்பில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கண்ணில் படும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. பதிவெண் இல்லாத ட்ரையல்ஸ் வண்டியைத் தோட்டத்துக்குள் மட்டுமே ஓட்ட முடியும். சாலையில் இறக்க முடியாது. சாலை வண்டிகளுக்குச் சைலன்சர் கட்டாயம் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி. ஒலி, புகைத் தர வரம்பை மீறினால், 2019 திருத்தத்துக்குப் பின், 190(2) பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ உண்டு. தோட்டத்துக்குள் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்துக் காட்டில் கோழிப்பண்ணை இருந்தால் மட்டும், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பண்ணைக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். திடீர்ச் சத்தத்துக்குக் கோழிகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறிச் சாகும், நஷ்டம் அவருக்கு.

ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நிமிடம் வெண்புகையும் எரிந்த வாடையும் வரும். நூலும் இழைமேல் பூசிய மெழுகும் எரிவதால் வருவது, அஞ்ச வேண்டாம். குளிர்ந்தபின் ரிவெட்டுகளை விரலால் அசைத்துப் பார்த்து, இணைப்பைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் எந்தப் பக்கம் ஒட்டியது என்பதையும், கியர் ஆயிலை வடித்தபோது எவ்வளவு இருந்தது என்பதையும், வண்டியின் மாடலையும் எழுதுங்கள். அதை வைத்து நடுப்பெட்டியைப் பற்றி மேலே சொல்ல முடியும்.